உதவி பெறாத பிரிவு

என் சித்தி ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. மூன்றாம் வகுப்பு. அவளைப் பற்றி யாராவது கேட்டால் இவ்வளவு சொன்னால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். சில வருடங்கள் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, அவள் வீட்டு மாடி அறையில் பெட்டியை வைத்த முதல் வாரத்திலேயே அது போதாது என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டே என்னிடம், சித்தி எய்டட்டா அன்எய்டட்டா என்று கேட்டாள். இரத்த வகையைக் கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "சொந்தச் சித்திய பத்தி இது கூடத் தெரியாதா?" என்று அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

விஷயம் இதுதான். பள்ளி ஒரு தனியார் நிர்வாகத்துடையது. ஆனால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு தருகிறது, கட்டடத்தைப் பழுது பார்க்கவும் தருகிறது. வாசல் பலகையில் 'அரசு உதவி பெறும் பள்ளி' என்று எழுதியிருக்கும். அந்தப் பகுதியில் இன்னொரு சின்னப் பள்ளி இரண்டாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், மூன்றாம் வகுப்பில் மட்டும் ஒவ்வொரு வருடமும் கூட்டம் இரண்டு மடங்காகும். அதற்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். அரசு தரவில்லை. நிர்வாகமே ஒரு வகுப்பைத் திறந்து, பெற்றோரிடம் கட்டணம் வாங்கி, அதிலிருந்து ஒரு ஆசிரியைக்குச் சம்பளம் கொடுத்தது. அந்த வகுப்புக்குத் தாள்களில் 'உதவி பெறாத பிரிவு' என்று பெயர். அந்த ஆசிரியைதான் சித்தி.

முழுப் பெயரைச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. பேச்சில் அது அன்எய்டட். ஆசிரியர் அறையில் அதுவும் நீளம் என்று வெறும் 'அன்' ஆகிவிட்டது. சித்தி அன் டீச்சர். அவள் பிள்ளைகள் அன் பிள்ளைகள். கால் ஆடுகிற முக்காலி அன் முக்காலி. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையை மற்ற ஆசிரியைகள் 'அன் பக்கம்' என்பார்கள். அதில் அவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வழி சொல்வதற்குத்தான். சம்பள நாளன்று மற்றவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், யாராவது ஒருத்தி சித்தி பக்கம் பார்த்துவிட்டு மெல்லப் பேச்சை மாற்றுவாளாம். அந்தப் பார்வைதான் தனக்கு ஆகாது என்று சித்தி சொல்வாள்.

நான் போன நாடுகளிலும் இந்தச் சொல்லுக்கு உறவுக்காரச் சொற்கள் இருந்தன. ஓர் ஊரில் வாரத்தில் மூன்று நாள் மட்டும் திறக்கிற நூலகத்தின் கதவில் அப்படி ஒன்றை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். இன்னோர் ஊரில் ஒரு மருத்துவமனைத் தாதி அதைச் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டாள், ஏதோ அவள் செய்த தப்பு மாதிரி. பணம் வராத இடத்தில் வேலை செய்கிறவர்கள்தான் எங்கேயும் அதற்காகக் கூச்சப்படுகிறார்கள். தர வேண்டியவர்களை அங்கே பார்க்கவே முடியாது.

சித்தப்பா அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். அவர் தையல்காரர். கண் மங்கிப்போய் ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஆனதிலிருந்து இயந்திரத்தின் மேல் துணி போர்த்திவிட்டு, நாள் முழுக்க வாயால் தைத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை குறைந்தால், "காப்பி அன்எய்டட்" என்பார். கம்பி உடைந்த குடை அன்எய்டட். கிளம்ப மறுக்கிற பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் அன்எய்டட். நான் வேலையில்லாமல் வந்து இறங்கியதும் சித்தியைக் கூப்பிட்டு, "உங்க அக்கா பொண்ணும் உங்க பிரிவுலதான் சேந்திருக்கா போல" என்றார். சித்திக்குச் சிரிப்பு வராது. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "உங்களுக்குச் சோறு போடறதும் அந்தப் பிரிவுதான்" என்பாள். அவர் உடனே துணியைத் தூக்கிப் பார்த்து இயந்திரத்தோடு பேச ஆரம்பித்துவிடுவார்.

சித்தி சொன்னது உண்மை. வீடு அவள் சம்பளத்தில் ஓடியது, அதுவும் நொண்டி நொண்டித்தான். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. உதவி பெறாத பிரிவுக்கு ஓய்வூதியம் கிடையாது. கடைசி நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், அதோடு சரி.

இதனால்தான் அந்த வருடம் வந்த அறிவிப்பு அவளுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. பல வருடங்களாக ஒழுங்காக நடந்துவருகிற பிரிவுகளுக்கு அரசு உதவி கொடுக்கும்; ஏற்கெனவே வேலை பார்த்த வருடங்களையும் கணக்கில் சேர்க்கும். ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து வகுப்பைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுச் சித்தியைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கட்டணம் வாங்குகிற வகுப்பை அரசுப் பணத்தில் பழுது பார்க்கிற கட்டடத்துக்குள் நடத்தக் கூடாது. சித்தியின் வகுப்போ ஆரம்பத்திலிருந்தே அந்தக் கட்டடத்துக்குள்தான் நடந்தது. தாளில் அந்த அறைக்குச் சாமான் அறை என்று பெயர். அதனால் எந்த அதிகாரி வந்தாலும் அந்த வகுப்பு இருக்காது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பக்கவாட்டுக் கதவு வழியாக, இரண்டு தெரு தள்ளி இருக்கிற பூங்காவுக்குச் சித்தி கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அதிகாரி போகிறவரை அங்கே மரத்தடியில் வாய்ப்பாடு நடக்கும்.

அதற்கென்று ஒரு முறையே உருவாகியிருந்தது. யாரும் வந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பெரிய டீச்சர் அறையில் கைவைத்த நல்ல நாற்காலி ஒன்று உண்டு. அதிகாரி வந்தால் பியூன் அதைத் தூக்கி முன் வராந்தாவில் போடுவார். நாற்காலி ஜன்னலைக் கடக்கும்போதே பிள்ளைகள் பையை மூடிவிடுவார்கள். வருடத் தொடக்கத்தில் ஒரு வாரம் இதைத்தான் பழக்குவாள் சித்தி: சத்தமில்லாமல் எழுந்திருப்பது, பெஞ்சை இழுக்காமல் வெளியே வருவது, வழியில் யாராவது கேட்டால் பூங்கா பார்க்க வந்தோம் என்று சொல்வது.

விண்ணப்பத்தில் பெரிய டீச்சர், வகுப்பு தொடக்கத்திலிருந்தே மைதானத்துக்குப் பின்னால் நிர்வாகத்தின் சொந்த இடத்தில் உள்ள தகரக் கொட்டகையில் நடப்பதாக எழுதியிருந்தார். அந்த மாதமே கொட்டகையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, வகுப்பை அங்கே மாற்றினார்கள். நான் சும்மாதானே இருக்கிறேன் என்று சித்தி என்னையும் உதவிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் படங்கள் ஒட்டினேன். ஒரு பிள்ளையின் கைத்தடம் கூட இல்லாத சுவர். பல வருடம் வகுப்பு நடந்த இடமாக அது தெரியவில்லை. சித்தியிடம் சொன்னேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு, கை கழுவாமல் சுவரைத் தொடச் சொன்னாள்.

ஆய்வாளர் வியாழக்கிழமை வருவார் என்று தகவல். செவ்வாய்க்கிழமை காலையில் சித்தி பலகையில் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நான் கடைசி பெஞ்சில் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொட்டகையின் திறந்த பக்கம் வழியாக மைதானத்தின் அந்தக் கோடியில் பியூன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது.

ஒரு பிள்ளை கூடப் பேசவில்லை. பைகள் மூடின. சித்தி திரும்பிப் பார்த்தாள், சாக்பீஸை வைத்தாள், புடவையில் கையைத் துடைத்தாள். நான் எழுந்து நிற்பதற்குள் வரிசை வெளியே போய்க்கொண்டிருந்தது.

"சித்தி, ஒருவேளை நம்ம ஆபீசரா இருந்தா?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"நம்மாளு வியாழக்கிழமை. இது வேற யாரோ. வேற யாரோன்னா நாம வெளிய."

கொட்டகைக்கு வந்த பிறகு ஒளிய வேண்டியதே இல்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. மற்றபடி அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பள்ளிக்கு மாதத்தில் ஓர் அதிகாரியாவது வருவார், கட்டடம் பார்க்க, தண்ணீர் பார்க்க, மற்ற வகுப்புகளைப் பார்க்க. அவர்களில் ஒருவர் கூட அவள் வகுப்பைப் பார்க்க வந்ததில்லை. தன்னையும் ஒருவர் தேடி வருவார், அதுவும் சொன்ன நாளுக்கு முன்பே வருவார் என்று நினைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பூங்காவில் பெஞ்சுகளைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். விட்ட இடத்திலிருந்து கழித்தல் தொடர்ந்தது, தாழ்ந்த குரலில். மரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் தலையைத் தூக்கி, "என்ன டீச்சர், யாரோ வந்திருக்காங்களா?" என்று கேட்டார். அவருக்கே தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் பியூன் ஓடி வந்தார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்க நின்று, "டீச்சர், இது உங்க ஆபீசர்" என்றார்.

சித்திக்குப் புரிய நேரமானது. "எங்களுக்கா?" என்றாள்.

சித்தி பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். நான் பின்னாலிருந்து பார்த்தபோது அவள் நடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

பக்கவாட்டுக் கதவில் ஆய்வாளர் நின்றிருந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் மாத்திரை அட்டை, முகத்தில் காலையிலேயே சாயங்காலக் களைப்பு. பின்னால் பெரிய டீச்சர். காலியான கொட்டகையைப் பார்த்துவிட்டுத்தான் இருவரும் அங்கே வந்திருந்தார்கள். வரிசையின் முதலில் வந்தவள் வகுப்பிலேயே குட்டியான பெண், எல்லோரும் அவளைச் 'சுண்டு' என்பார்கள். அவர் குனிந்து அவளிடம் கேட்டார்.

"பாப்பா, நீ எந்த கிளாஸ்?"

"நாங்க இங்க படிக்கல சார். பூங்கா பாக்க வந்தோம்."

அவர் அவள் சட்டையைப் பார்த்தார். பையில் பள்ளியின் சின்னம் தைத்திருந்தது.

"அப்ப எங்க படிக்கிற?"

அதைச் சித்தி சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சுண்டு யோசித்தாள். "வேற ஊர்ல."

பின்னாலிருந்து ஒரு பையன், "ரொம்ப தூரம் சார்" என்று சேர்த்தான்.

ஆய்வாளர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான் என்று அப்போது தோன்றியது. பெரிய டீச்சரும் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு, செடிகளைப் பற்றிய பாடம், நேரில் காட்டுவதற்காகப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள், பிள்ளைகள் விளையாட்டாகப் பேசுகிறார்கள் என்றார். அது நன்றாகவே பொருந்தியது. ஆய்வாளரும் பேனாவை எடுத்தார். "சரி, வெளிப்புறப் பாடம்னு எழுதிக்கறேன். அப்படித்தானே மேடம்?" என்று சித்தியைப் பார்த்தார்.

ஆமாம் என்றால் போதும். ஒரு தலையசைப்பு. பெரிய டீச்சர் அதை முகத்தாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். நானும் மனசுக்குள் ஆமாம் சொல்லுங்க சித்தி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சுண்டு அவளையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, 'வெரிகுட்' வரட்டும் என்று நிற்கிற முகம்.

"இல்ல சார்" என்றாள் சித்தி. "இந்தப் பொண்ணுக்கு அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தது நான்தான். ஆபீசர் யாராவது வந்தா நாங்க வெளிய போயிடுவோம். இன்னிக்கும் அப்படித்தான் போனோம். நீங்க எங்களப் பாக்க வந்திருப்பீங்கன்னு தோணல."

"எத்தன வருஷமா இப்படி?"

"நான் சேந்ததுலேருந்து."

"இந்தக் கொட்டகையிலேருந்தா?"

"இங்க வந்து ஒரு மாசம்தான் சார் ஆகுது. அதுவரைக்கும் உள்ளதான் இருந்தோம்."

ஆய்வாளர் பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்தி, "மேடம், யோசிச்சுச் சொல்லுங்க. நான் இன்னும் எதுவும் எழுதல" என்றார்.

"யோசிச்சா சொல்ல மாட்டேன் சார். எழுதிடுங்க."

அவர் எழுதினார். கதவின் மேல் தாளை வைத்து, நின்றபடியே. பிள்ளைகள் வெயிலில் வரிசை கலையாமல் நின்றார்கள். போகும்போது சுண்டுவின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை.

பெரிய டீச்சர் சித்தியைத் திட்டவில்லை. அதற்குப் பதில் நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. பியூன்தான் வந்து வந்து புலம்பினார், நாற்காலியை எடுத்திருக்கவே கூடாது, அவருக்கும் கை தானாகப் போய்விட்டதாம். சாயங்காலம் பக்கத்து வகுப்பு ஆசிரியை சித்தியோடு வாசல்வரை நடந்து வந்தாள். நல்ல சிநேகிதி. "இத்தன வருஷம் காப்பாத்துன பொய், இன்னும் அஞ்சு நிமிஷம் காப்பாத்தக் கூடாதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள். சித்தி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்து வண்டியேற்றி அனுப்பினாள்.

வீட்டில் சித்தப்பாவிடம் நான்தான் விவரம் சொன்னேன். அவர் எந்தச் சொல்லையும் வைத்து விளையாடவில்லை. ஏன் அப்படிச் சொன்னாள் என்று சித்தியிடமே கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்வதற்குத்தான்.

சித்தி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அது என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னுது" என்றாள். "நான் என்ன பண்ண?"

"ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்?"

"அப்ப பாத்துக்கலாம். கண்ணாடி மாத்திட்டு வாங்க மொதல்ல. பட்டனாவது தைக்கலாம்."

அவர் கண்ணாடி மாற்றினார். பட்டன் தைக்கிற அளவுக்குக் கண் தெரிந்தது.

உத்தரவு வர மூன்று மாதம் ஆயிற்று. பெரிய டீச்சர் சித்தியை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். பள்ளிக்கு ஓர் எச்சரிக்கை, அதோடு விட்டார்கள். வகுப்பைக் கட்டடத்துக்குள் நடத்த அனுமதி, இன்று முதல். இதுவரை நடந்த வருடங்கள் முறைப்படி நடந்ததாகக் கொள்ளப்படாது. மூன்று வருடம் முறையாக நடந்த பிறகு உதவிக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். அதுவரை அறை வாசலில் பிரிவின் பெயரைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.

மூன்று வருடம். சித்திக்கு இருந்தது இரண்டுகூட இல்லை. அவளுக்குப் பின்னால் வருகிறவளுக்கு அது கிடைக்கலாம். பெரிய டீச்சர் தாளை மடித்து, "நீங்க மட்டும் அன்னிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சித்தி, அறையின் ஜன்னலுக்கு ஒரு கதவு இல்லை, மழைக்கு முன்னால் போட்டுத் தந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

வகுப்பு பழைய அறைக்கே திரும்பியது. பெயிண்டர் ஒருவர் வந்து கதவுக்கு மேல் எழுதினார்: 'மூன்றாம் வகுப்பு ஆ, உதவி பெறாத பிரிவு.' அவர் கை நல்ல கை. எழுத்து ஒவ்வொன்றும் ஆசிரியர் அறைவரை தெரிந்தது. அங்கே யாரும் முழுதாக உச்சரிக்காத சொல், முழுதாக, நீல வண்ணத்தில்.

பிள்ளைகள் ஈரம் காய்வதற்குள் அதன் கீழே கூடிவிட்டார்கள். சுண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு சித்தியின் புடவை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், உதவி பெறாதன்னா என்ன?"

சித்தி எனக்கு எத்தனையோ விதமாகச் சொல்லியிருந்த சொல். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"கவர்மெண்ட் நமக்குப் பணம் தரலன்னு அர்த்தம். எனக்குச் சம்பளம் உங்க அப்பாங்கதான் தராங்க."

சுண்டு கவலையோடு அவளைப் பார்த்தாள். "எங்க அப்பா இன்னும் தரலையே டீச்சர்."

"தெரியும்" என்றாள் சித்தி. "உள்ள போய் உக்காரு."